இராணுவ ஆட்சியில் எதிர்க்கட்சி என்ன கேட்கிறது? ஜனநாயகமும் நல்லிணக்கமும், ஓர் எளிய விளக்கம்

2022 டிசம்பரில் இலங்கையின் வடக்கே வெற்றிலைக்கேணிக் கடலில் ஒரு படகு தத்தளித்துக்கொண்டிருந்தது. உள்ளே மியன்மாரின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்யா மக்கள் நூறு பேருக்கு மேல், பெண்களும் குழந்தைகளும் உட்பட. கடற்படை அவர்களைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டு வருடம் கழித்து, 2024 டிசம்பரில், இன்னொரு படகு முள்ளிவாய்க்கால் பக்கம் வந்தது. அந்த நாட்களில் இங்கே பலருக்கு ஒரே கேள்விதான்: மியன்மாரில் சமாதானத்துக்கு நோபல் பரிசு வாங்கிய ஆங் சான் சூகியின் கட்சி ஆட்சிக்கு வந்ததே, பிறகும் ஏன் சனம் இப்படிக் கடலில் விழுந்து ஓடுகிறது?

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடினால் ஒரு விஷயம் தெளிவாகும். இராணுவ ஆட்சிக்கு எதிரான கட்சிகளின் அறிக்கைகளில் ஜனநாயகமும் நல்லிணக்கமும் எப்போதும் ஒன்றாகவே வரும். ஆனால் முதலாவது கிடைத்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நினைத்த இடத்தில்தான் மியன்மார் சறுக்கியது. மியன்மாரை வைத்தே இரண்டையும் புரிந்துகொள்ளப் பார்ப்போம். அந்த நாட்டின் கதை எங்களுக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை.

துவக்குக்குப் பின்னால் ஒரு சட்டப்புத்தகம்

இராணுவ ஆட்சி என்றதும் தெருவில் நிற்கும் டாங்கியும் வானொலி அறிவிப்பும்தான் நினைவுக்கு வரும். 1962 மார்ச் 2 ஆம் திகதி ஜெனரல் நே வின் மியன்மாரின் ஆட்சியைப் பிடித்தது அப்படித்தான். ஆனால் எந்த இராணுவத்துக்கும் துவக்கு மட்டும் நெடுங்காலத்துக்குப் போதாது. சட்டம் வேண்டும், தேர்தல் வேண்டும், உலகத்துக்குக் காட்ட ஒரு பாராளுமன்றமும் வேண்டும்.

1988 ஆகஸ்டில் நாடு முழுவதும் மாணவர்களும் தொழிலாளர்களும் பிக்குகளும் தெருவுக்கு வந்தார்கள். இராணுவம் சுட்டது, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குப் பிறகு வந்த இராணுவக் குழு தேர்தல் வைப்பதாகச் சொன்னது, வைக்கவும் செய்தது. 1990 மே 27 இல் நடந்த அந்தத் தேர்தலில் 485 ஆசனங்களில் 392 சூகியின் தேசிய ஜனநாயக லீக்குக்குப் போனது. சூகி அப்போது வீட்டுக்காவலில் இருந்தார். தோற்றுப்போன இராணுவம், இது ஆட்சி மாற்றத்துக்கான தேர்தல் இல்லை, அரசியலமைப்பு எழுதும் ஆட்களைத் தெரிவதற்கான தேர்தல்தான் என்று பிறகு விளக்கம் சொன்னது. அந்த அரசியலமைப்பை எழுதி முடிக்க 2008 ஆனது.

அதை மக்கள் முன் வைத்த விதத்தைப் பாருங்கள். 2008 மே தொடக்கத்தில் நர்கிஸ் சூறாவளி ஐராவதிக் கழிமுகத்தை வாரிக்கொண்டு போனது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். கரையோரத்தில் பிணங்கள் மிதந்துகொண்டிருக்கும்போதே, மே 10 இல், சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டும் இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். 92 வீதமானோர் ஆதரித்ததாக அரசு அறிவித்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இரண்டாம் வாரத்தில் மருதங்கேணியிலோ முல்லைத்தீவிலோ வாக்குப்பெட்டி கொண்டுவந்து வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் போதும்.

சரி, அந்தப் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது? இரண்டு சபைகளையும் சேர்த்து மொத்தம் 664 ஆசனங்கள். அதில் 166, அதாவது சரியாகக் கால்பங்கு, இராணுவத் தளபதி பெயர் குறிப்பிட்டு அனுப்பும் அதிகாரிகளுக்கு. அவர்கள் சீருடையோடு கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். மீதி 498 பேரைத்தான் மக்கள் தெரிவுசெய்ய முடியும். அரசியலமைப்பின் முக்கிய பிரிவுகளை மாற்ற வேண்டுமென்றால், 436 ஆம் பிரிவின்படி, மொத்த உறுப்பினர்களில் 75 வீதத்துக்கு மேல் வாக்கு வேண்டும். 664 இல் 75 வீதம் என்பது 498. அதற்கு மேல் என்றால் 499. கணக்கு விளங்குகிறதா? நாட்டு மக்கள் தெரிந்தெடுத்த ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும், கட்சி, இனம் எல்லாம் மறந்து ஒன்றாகக் கை தூக்கினாலும் ஒரு வாக்குக் குறையும். அந்த ஒன்றைச் சீருடை போட்ட ஒருவர்தான் தர வேண்டும். பாதுகாப்பு, உள்நாட்டு, எல்லை விவகார அமைச்சுகளும் தளபதி தெரியும் ஆட்களுக்குத்தான். வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுத் திறப்பைத் தன் மடியிலேயே வைத்திருக்கும் வீட்டுக்காரர் மாதிரி.

நான்கு கோரிக்கைகள், அவற்றின் பின்னால் இருக்கும் காரணம்

2009 ஏப்ரலில் யங்கூனில் உள்ள தன் தலைமையகத்தில் கூடிய லீக், ஷ்வேகொண்டைங் பிரகடனம் என்று அழைக்கப்படும் அறிக்கையை வெளியிட்டது. அடுத்த வருடத் தேர்தலில் பங்குபற்ற வேண்டுமென்றால் என்னென்ன நடக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அரசியல் கைதிகள் விடுதலை, அரசியலமைப்பில் ஜனநாயகத்துக்கு முரணான பிரிவுகளின் திருத்தம், சர்வதேசக் கண்காணிப்போடு எல்லோரும் கலந்துகொள்ளக்கூடிய நேர்மையான தேர்தல், இவற்றோடு இராணுவத்துடன் பேச்சுவார்த்தை. உலகில் எந்த இராணுவ ஆட்சியை எடுத்தாலும் எதிர்க்கட்சியின் அறிக்கை ஏறத்தாழ இதே உருவில்தான் இருக்கும்.

கைதிகள் விடுதலை ஏன் எப்போதும் முதலில் வருகிறது? அன்றைக்கு மியன்மார்ச் சிறைகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அரசியல் கைதிகள் இருந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு யாரோடு உட்கார வேண்டுமோ அவர்களே உள்ளே இருக்கும்போது வெளியே யாரோடு கதைப்பது? தவிர, இதைச் செய்ய யாப்பைத் திருத்தத் தேவையில்லை, காலமும் தேவையில்லை. ஒரு கையெழுத்துப் போதும். ஆகவே இராணுவத்துக்கு மனம் இருக்கிறதா என்று பார்க்கும் முதல் சோதனை இதுதான். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மியன்மாரில் பலரைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 401 ஆம் பிரிவின் கீழ்தான் விடுவிப்பார்கள். அது தண்டனையை நிபந்தனையோடு நிறுத்திவைப்பது. திரும்ப ஒரு ஊர்வலத்தில் கண்டால் பழைய தண்டனையின் மீதியையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும். வெளியே வந்தவர் வெளியே வரவில்லை என்ற நிலைதான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த எங்கள் குடும்பங்களுக்கு, விடுதலை என்ற செய்தியில் ‘எந்த நிபந்தனையில்?’ என்று கேட்கத் தெரியும்.

பேச்சுவார்த்தைக் கோரிக்கை பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும். இராணுவமும் ‘நாங்களும் கதைக்கத்தானே செய்கிறோம்’ என்று சொல்லும். 1993 இல் அரசியலமைப்பு எழுத ஒரு தேசிய மாநாட்டை அது கூட்டத்தான் செய்தது. ஆனால் பிரதிநிதிகளில் பெரும்பாலானோர் இராணுவம் தெரிந்த ஆட்கள். தேசிய அரசியலில் இராணுவத்துக்குத் தலைமைப் பங்கு உண்டு என்பது மாநாடு தொடங்கும்போதே முடிவான விஷயம். 1995 இல் லீக் அதிலிருந்து விலகியது. அடுத்த வருடம் வந்த ஒரு சட்டம், மாநாட்டைக் குறைத்துப் பேசினால் 20 வருடம் வரை சிறை என்றது. எதிர்க்கட்சி கேட்கும் பேச்சுவார்த்தை வேறு. முடிவு எழுதப்படாத மேசை, அதில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கதிரை.

இந்தக் கோரிக்கைகள் எதுவும் நிறைவேறாததால் 2010 தேர்தலை லீக் புறக்கணித்தது. பிறகு இராணுவம் கொஞ்சம் இறங்கி வந்தது, லீக்கும் இறங்கியது. 2012 இடைத்தேர்தலில் சூகி பாராளுமன்றம் போனார். 2015 இல் கட்சி பெருவெற்றி பெற்றது. இராணுவ ஆசனங்களை 25 வீதத்திலிருந்து 15, 10, 5 என்று படிப்படியாகக் குறைக்கும் திருத்தத்தை அது கொண்டுவந்தபோது, 2020 மார்ச்சில், அந்த 166 பேரும் இருந்த இடத்திலிருந்தே அதைத் தோற்கடித்தார்கள்.

துப்பாக்கி வைத்திருப்பவரோடு நல்லிணக்கமா?

இவ்வளவு நடந்த பிறகும் எதிர்க்கட்சி ஏன் ‘தேசிய நல்லிணக்கம்’ என்று இராணுவத்தைப் பார்த்துச் சொல்கிறது? பலருக்கு இது கோழைத்தனமாகத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்சியை விட்டு இறங்கினால் தனக்கு என்ன நடக்கும் என்பதே எந்தத் தளபதிக்கும் உள்ள பெரிய பயம். சிறைக்குப் போவோமா, சொத்துப் போகுமா, பிள்ளைகளின் கதி என்ன? அந்தப் பயம் இருக்கும் வரை அவர் இறங்க மாட்டார். ஆகவே பழிவாங்க மாட்டோம் என்று எதிர்க்கட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. சூகியும், இது தன் தகப்பன் ஆங் சான் தொடங்கிய இராணுவம் என்று அடிக்கடி நினைவுபடுத்துவார். இராணுவம் அந்த வாக்குறுதியை மட்டும் நம்பியிருக்கவில்லை. தன் ஆட்சிக் காலத்தில் கடமையின் பேரில் செய்த எதற்காகவும் வழக்குப் போட முடியாது என்று 2008 யாப்பின் 445 ஆம் பிரிவில் தானே எழுதி வைத்துக்கொண்டது.

இங்கேதான் கவனமாகப் பார்க்க வேண்டும். பழிவாங்காமல் இருப்பது ஒன்று. உண்மையைத் தோண்டாமல் இருப்பது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சிலி உதவும். 1988 ஒக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் இராணுவ ஆட்சியாளர் பினோச்சேயை வேண்டாம் என்றார்கள். 1990 இல் சிவில் அரசு வந்தது. ஆனால் பினோச்சே 1998 வரை இராணுவத் தளபதியாகவே இருந்தார், தெரிவுசெய்யப்படாத செனட்டர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட நிலையிலும் புதிய அரசு ஒரு உண்மை ஆணைக்குழுவை அமைத்து, 1991 இல் அறிக்கையை வெளியிட்டது. கொல்லப்பட்டவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்று 2,279 பேரை அந்த ஆணைக்குழு பதிவுசெய்தது. வழக்குகள் பின்னால் மெதுவாக வந்தன, பலவற்றுக்கு இன்னும் முடிவில்லை. ஆனாலும் அரசு தன் வாயால் ‘இது நடந்தது, எங்கள் ஆட்கள் செய்தது’ என்று எழுதிக் கொடுத்தது பெரிய விஷயம். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் உட்கார்ந்த தாய்மார் கேட்டதும் அடிப்படையில் அதுதான். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் உட்கார்ந்து சாட்சி கேட்டது. காணாமல் போனோர் அலுவலகம் வந்தது. என் பிள்ளை எங்கே என்பதற்குப் பதில் மட்டும் வரவில்லை.

பாகிஸ்தான் எதிர்த்திசையில் ஒரு பாடம். முஷாரப்பின் இராணுவ ஆட்சிக்கு எதிராக, பல காலம் ஒருவரை ஒருவர் கவிழ்த்துக்கொண்டிருந்த பெனாசிர் பூட்டோவும் நவாஸ் ஷெரீப்பும் 2006 மே மாதம் லண்டனில் ஒரு ஜனநாயக சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். இராணுவத்தோடு சேர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகளைக் கவிழ்க்க மாட்டோம் என்றார்கள், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் முஷாரப் ‘தேசிய நல்லிணக்கக் கட்டளைச் சட்டம்’ ஒன்றைக் கொண்டுவந்தார். அது செய்தது என்ன? அரசியல்வாதிகள், அதிகாரிகள் மீதிருந்த பழைய ஊழல் வழக்குகளை வாபஸ் வாங்கியது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் வீட்டுக்காரருக்குக்கூட அதில் எதுவும் இல்லை. 2009 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளியது. மேலே உள்ளவர்கள் தங்களுக்குள் கணக்கு முடித்துக்கொள்வதற்கு நல்லிணக்கம் என்ற பெயர் எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள்.

யார் யாரோடு?

மியன்மாரில் ஜனநாயகவாதிகளும் இராணுவமும் நல்லிணக்கம் என்று கதைத்தபோது இருவருமே பெரும்பான்மையான பாமர் இனத்தவர்கள்தான். ஷான், கச்சின், கரென், சின், ராக்கைன் மக்களின் சண்டை அதற்கு முந்தியது, வேறானது. 1947 பெப்ரவரியில் பங்லொங் என்ற சிற்றூரில் ஆங் சானும் ஷான், கச்சின், சின் தலைவர்களும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். மலைநாட்டு மக்களுக்கு உள்ளக சுயாட்சி என்பது அதன் உயிர். ஐந்து மாதத்தில் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்கு வாக்காகவே நின்றது. 1961 இல் தௌங்ஜியில் கூடிய தலைவர்கள் சமஷ்டி கேட்டார்கள். அடுத்த வருடம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, சமஷ்டி நாட்டைப் பிரித்துவிடும் என்பதுதான். பண்டா – செல்வா ஒப்பந்தம் எழுதப்பட்டதையும் ஒரு வருடம் கூட நிலைக்காமல் கிழிக்கப்பட்டதையும் படித்து வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதனால்தான் 1994 இல் ஐ.நா. பொதுச்சபை முத்தரப்புப் பேச்சுவார்த்தை வேண்டும் என்றது: இராணுவம், ஜனநாயக எதிர்க்கட்சி, இனத்துவ மக்களின் பிரதிநிதிகள். மூன்றாவது கதிரை மியன்மாரில் கடைசி வரை சரியாகப் போடப்படவில்லை. லீக் ஆட்சிக்கு வந்த பின் 2016 இல் ‘21 ஆம் நூற்றாண்டுப் பங்லொங்’ என்று மாநாடு கூட்டியது, பேச்சு நடந்தது, அதிகாரம் பகிரப்படவில்லை. ரோஹிங்யா மக்களுக்கு எந்த மேசையிலும் கதிரையே இல்லை. 1982 குடியுரிமைச் சட்டம் அவர்களை ஏறத்தாழ நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. 1948 இல் மலையகத் தமிழர் குடியுரிமை இழந்ததை அறிந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். 2017 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 2019 டிசம்பரில் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில், இனப்படுகொலை வழக்கில், மியன்மார்த் தரப்புக்காக எழுந்து பேசியவர் சூகி. அதே இராணுவம் 15 வருடம் அவரைப் பூட்டி வைத்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இராணுவத்தோடு நல்லிணக்கம் காண்பதன் விலையை ரோஹிங்யா மக்கள் கட்டினார்கள்.

யார் யாரோடு என்ற கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேரம்தான் கொடுக்கப்பட்டது. சோனகதெருவிலிருந்து கையில் எடுத்ததோடு புறப்பட்டுப் புத்தளத்துக்குப் போன குடும்பங்களில் பல இன்னும் அங்கேயே இருக்கின்றன. திரும்பி வந்தவர்கள் காணிக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் அலைகிறார்கள். கொழும்பிடம் நாங்கள் கேட்கும் உண்மையும் நியாயமும் அவர்கள் எங்களிடம் கேட்கக்கூடியவை. இதைச் சொன்னால் எங்கள் கோரிக்கை பலவீனமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

2021 க்குப் பிறகு மாறியது

2020 நவம்பர் தேர்தலில் 476 ஆசனங்களில் 396 ஐ லீக் வென்றது. 2021 பெப்ரவரி 1 அதிகாலையில் இராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது, சூகி மறுபடியும் சிறைக்குப் போனார். ஆனால் இந்த முறை எதிர்ப்பு அணியின் கோரிக்கையே மாறியது. 2008 யாப்பைத் திருத்து என்ற பேச்சு போய், அது செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மார்ச் கடைசியில் சமஷ்டி ஜனநாயக சாசனம் ஒன்று வெளியானது. ஏப்ரலில் அமைந்த தேசிய ஐக்கிய அரசு என்ற நிழல் அரசு, ஜூனில் ரோஹிங்யா என்ற பெயரையே சொல்லி, அவர்களுக்கு நீதியும் 1982 சட்டத்தின் நீக்கமும் வாக்களித்தது. இராணுவத்தின் துப்பாக்கியைத் தாங்களே நேரில் கண்ட பாமர் இளைஞர்கள் பலர், அன்றைக்கு உங்களை நம்பாமல் விட்டோம் என்று ரோஹிங்யா மக்களிடம் இணையத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். பல பத்தாண்டு பேச்சுவார்த்தையில் வராதது இது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2024 இல் ராக்கைன் மாநிலத்தின் பெரும்பகுதி அரக்கான் இராணுவம் என்ற ராக்கைன் ஆயுத அமைப்பின் கைக்கு வந்தது. அந்த அமைப்பின் மீதும் ரோஹிங்யா மக்கள் கொலை, வீடெரிப்புக் குற்றச்சாட்டுகளை வைக்கிறார்கள், அமைப்பு மறுக்கிறது. தலைநகர் நேபிடோவின் இராணுவம் பின்வாங்கிய இடத்திலும் அடுத்த வீட்டுக்காரனோடு கதைக்க வேண்டிய கதை பாக்கி இருக்கிறது.

2023 மார்ச்சில் லீக் கலைக்கப்பட்டது. 2025 டிசம்பர் 28 இல் இராணுவம் கட்டம் கட்டமாக ஒரு தேர்தலைத் தொடங்கியது, சண்டை நடக்கும் பல இடங்களில் வாக்களிப்பே இல்லாமல். அதுவும் 2008 யாப்பின் கீழ்தான், ஆகவே அந்தக் கால்பங்கு ஆசனங்கள் தேர்தல் இல்லாமலே நிரம்பும். இனி மியன்மாரில் கைதிகள் விடுதலை என்று செய்தி வந்தால் அது 401 இன் கீழா, நிபந்தனை இல்லாமலா என்று பாருங்கள். யாப்புத் திருத்தம் என்றால் 436 இல் கை வைத்தார்களா, பேச்சுவார்த்தை என்றால் மூன்றாவது கதிரையில் யார் என்று பாருங்கள். கொழும்பிலிருந்து வரும் அறிக்கைகளையும் இதே கண்ணோடு வாசிக்கலாம்.